சைகோனில் நல்ல கோய் குவோன் எங்கே கிடைக்கும்?

வணக்கம். வேலைக்காக வியட்நாமின் ஹோ சி மின் நகருக்கு (சைகோனின் இன்றைய பெயர்) வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. எண்ணெயில் பொரிக்காத ஸ்பிரிங் ரோலான கோய் குவோனுக்காக அலைந்துகொண்டிருக்கிறேன். நான் பார்த்த கடைகளில் காலையிலேயே சுருட்டி அடுக்கிவிடுகிறார்கள். மாலைக்குள் மேலே சுற்றிய மெல்லிய அரிசித்தாள் வறண்டு தோலைப்போல இழுக்கிறது. உள்ளே இருக்கும் கீரையும் வாடிவிடுகிறது. பச்சை இலையின் மணம்தானே இந்தப் பண்டத்தின் உயிர்!

கேட்ட பிறகு தாளை நனைத்து, இறால், அரிசிச் சேமியா, புதினா வைத்துக் கண்ணெதிரே சுருட்டித் தரும் தள்ளுவண்டி ஏதாவது தெரியுமா? தொட்டுக்கொள்ள வேர்க்கடலை தூவிய கெட்டிச் சாஸ் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று. அடுத்த மாதம் அம்மா வருகிறார், சுத்த சைவம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே பலரும் ‘சாய்’ என்னும் சைவ உணவு உண்கிறார்கள். மற்ற நாட்களிலும் இறாலுக்குப் பதில் டோஃபு வைத்து, மீன் சாஸ் சேர்க்காமல் தருபவர் வேண்டும். பென் தான் சந்தைக்கு அருகிலுள்ள மாரியம்மன் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் மிக நல்லது. அம்மாவுக்கு முழங்கால் வலி. தெருப் பெயரும் கடை திறக்கும் நேரமும் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.