ஓட்டு வீடு பிரிச்சு மேய எத்தனை ஆள் பிடிக்கும்? 25 போட்டிருக்கேன், சரியா வருமா?

சாரல்காத்து:

வணக்கம் அண்ணன்மாரே. டிப்ளமோ சிவில் முடிச்சிட்டு ரெண்டு வருஷம் ஒரு இன்ஜினியர்கிட்ட சைட் பார்த்தேன், இப்பதான் தனியா சின்னச் சின்ன வேலை எடுக்க ஆரம்பிச்சிருக்கேன். தென்காசி பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு, சீமை ஓடு, வீட்டுக்காரர் ரிட்டயர்ட் வாத்தியார். மேல மொத்தமும் பிரிச்சு புதுசா மேயணும்ங்கிறார், கான்கிரீட் வேண்டாமாம், இதே ஓடுதான் வேணுமாம். வீடு 40க்கு 24, அதாவது 960 சதுர அடி. ரெண்டு பக்கம் சாய்வு, சுவர் தலையில இருந்து மோடு (கூரை உச்சி) 7 அடி உயரம். கைமரம் (ஓட்டைத் தாங்குற சாய்வு மரம்) பூரா பனங்கை, அதாவது பனைமரத்துச் சட்டம். கைமரத்துக்கு குறுக்க அடிச்ச ரீப்பர் சட்டம் நிறைய இடத்துல கரையான் தின்னு மாவா இருக்கு, கைவிரல வச்சா உள்ள போகுது.

பொருள் கணக்கு எப்படியாச்சும் போட்டுருவேன், ஆள் கணக்குதான் உதைக்குது. சைட்ல எல்லாம் கான்கிரீட் வேலைதான் பார்த்தேன், ஓட்டு வேலை பார்த்ததில்ல. 9.6 சதுரம் (100 சதுர அடி ஒரு சதுரம்), அஞ்சு ஆள், அஞ்சு நாள், மொத்தம் 25 ஆள்னு மனசுல ஒரு கணக்கு. வாத்தியார் மொத்தமா ஒரு ரேட் சொல்லுப்பாங்கிறார். சொல்லிட்டு அப்புறம் கைக்காசு போயிருமோனு பயமா இருக்கு. ஜூன்ல சாரல் இறங்குறதுக்குள்ள முடிக்கணும், பங்குனி பாதியில ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஓட்டு வேலை பார்த்தவங்க யாராச்சும் சொல்லுங்க. கூலி ஊருக்கு ஊரு மாறும், அதனால ஆள் எண்ணிக்கை மட்டும் போதும்.

—

மோட்டுவளை:

தம்பி முதல்ல அந்த 9.6 சதுரத்தை அழிச்சிரு. நீ தரையை அளந்திருக்க, மேயப்போறது தரையையா? ஓடு சுவரோட நிக்காது, இறவாரம் சுத்தி 2 அடி வெளிய நீட்டிருக்கும், அப்ப 44க்கு 28 ஆச்சு. அதுக்கு மேல சாய்வு. 24ல பாதி 12 அடி ஓட்டத்துக்கு 7 அடி ஏத்தம்னா சாய்வு நீளம் 13.9 வரும், இறவாரத்தையும் சேர்த்தா ஒரு பக்கம் 16.2 அடி. 16.2ஐ 44ஆல பெருக்கி ரெண்டு பக்கத்துக்கும் போடு, 1425 சதுர அடி சொச்சம், 14 சதுரம் தாண்டிருச்சு. ஆரம்பத்துலயே மூணுல ஒரு பங்கு குறைச்சுப் போட்டிருக்க. கணக்கு வேண்டாம்னா ஒரு கயிற மோட்டுல இருந்து இறவாரம் வரைக்கும் விட்டு அளந்தாலே தெரிஞ்சிரும், எங்க மேஸ்திரி அப்படித்தான் பண்ணுவார், அவருக்கு வர்க்கமூலம்லாம் தெரியாது ஆனா ஒரு தடவ கூட தப்பினதில்ல.

ஓடு 100 சதுர அடிக்கு 150னு வச்சுக்கோ, உடைசலோட சேர்த்து 2200, 2250 ஆகும். ஒரு ஓடு ரெண்டரை கிலோ. அஞ்சரை டன்னு தம்பி. அதே அளவு பழசு கீழ இறங்கணும், அதுக்கப்புறம் புதுசு மேல ஏறணும், எல்லாம் கைக்கு கை. நீ அஞ்சு ஆள் அஞ்சு நாள்னு போட்டது ஓடு அடுக்குற வேலைக்கு மட்டும் கேட்டா சரியா இருக்கலாம், ஆனா ஓடு அடுக்குறது இதுல பாதி கூட இல்ல.

என் கைக்கணக்கு சொல்றேன். சாரம் கட்டிப் பிரிக்க 3 ஆள். ஓடு இறக்க அஞ்சு பேர் ஒன்றரை நாள், ஏழரை. பழைய ரீப்பர் பிடுங்கி ஆணி எடுக்க ஒன்றரை. மரவேலைக்கு ரெண்டு ஆசாரி ஒரு கையாள் மூணு நாள், 9 (இது சும்மா ஒரு பேச்சுக்கு, பின்னாடி சொல்றேன்). ரீப்பர் அடிக்க அதே மூணு பேர் ரெண்டு நாள், 6. ஓடு ஏத்தி மேய ஏழு பேர் ரெண்டு நாள், 14. மோட்டு ஓடு வச்சு ஓரம் பூச கொத்தனாரும் சித்தாளும் ஒன்றரை நாள், 3. கடைசியா கூட்டிப் பெருக்கி உடைசல் அள்ள 2. மொத்தம் 46 வருது. உன் கணக்குக்கு ஏறக்குறைய டபுள்.

இப்ப அந்த மரவேலை விஷயம். ஓட்டை இறக்காம உள்ள என்ன இருக்குனு யாராலயும் சொல்ல முடியாது, கீழ நின்னு பார்த்தா பனங்கை கருகருனு ஜம்முனு இருக்கும், சுவர்ல உக்காந்திருக்கிற தலைப்பக்கம் ஒழுகி ஒழுகி உளுத்துப் போயிருக்கும். அதனால வாத்தியார்ட்ட ஓட்டு வேலைக்கு மட்டும் மொத்த ரேட் பேசு. மரவேலை பிரிச்சுப் பார்த்துட்டு ஆள் கூலிக்குனு தனியா எழுதி வாங்கு. அவர் ஒத்துக்கலன்னா வேலையே எடுக்காத, நான் ஒத்துக்கிட்டு எடுத்து ஒரு வருஷ லாபத்தை ஒரே வீட்ல விட்டவன்.

—

ரூஃபிங்மச்சி:

ப்ரோ எதுக்கு இவ்ளோ டென்ஷன், ஸ்கொயர் பைப்ல ட்ரஸ் அடிச்சு மேல கலர் ஷீட் போட்டு ஸ்க்ரூ முறுக்கிட்டா நாலு பேர் ஒரு வாரத்துல முடிஞ்சிரும். ஓடு மாதிரியே டிசைன் வச்ச ஷீட்டும் வருது. வாத்தியாரை கன்வின்ஸ் பண்ணுங்க.

—

மோட்டுவளை:

அவர் ஓடுதான் வேணும்னு சொல்லிட்டாருங்கிறத படிச்சீங்களா தம்பி. சித்திரை வெயில்ல ஷீட்டுக்கு அடியில மதியம் ரெண்டு மணிக்கு படுத்துப் பார்த்துட்டு வாங்க பேசுவோம். மழை பெய்யும்போது டிவி சத்தமும் கேக்காது.

—

கணக்குப்பிள்ளை:

அண்ணாச்சி சொன்ன 46ஐ நான் வேற வழியில போட்டுப் பார்த்தேன், ஒத்துப் போகுது. எனக்கு ஆள் கணக்கை விட மணிக்கணக்குல பார்த்தாத்தான் புரியும். 9 மணியில இருந்து 5.30 வரைக்கும்னா எட்டரை மணி நேரம், சாப்பாட்டுக்கு 1, ரெண்டு டீக்கு 40 நிமிஷம், காலைல வந்து வேட்டி மாத்தி சாமான் எடுத்து ஏணி வைக்க 20 நிமிஷம். மிச்சம் ஆறரை மணி நேரம்தான் கை ஓடும். கூலி எட்டு மணி நேரத்துக்குப் போகும், வேலை ஆறரை மணி நேரம்தான் நடக்கும், இத மறந்துட்டு எட்டால பெருக்குனா அங்கேயே அடி. 46 ஆளுக்கு 300 மணி நேரம்.

ஓடு இறக்குறது எல்லாம் வரிசையா நின்னு கைமாத்துறதுதான். இதுல எத்தனை பேர் நிக்கிறாங்கங்கிறது வேகத்தை கூட்டாது, வரிசையில யாரு மெதுவோ அவர்தான் வேகம். 10 செகண்டுக்கு ஒரு ஓடுனு வச்சா மணிக்கு 360, 2200 ஓட்டுக்கு ஆறு மணி நேரம். நடுவுல உடைஞ்சது, தேள் கிடந்தது, எலிக்கூடு, எல்லாம் சேர்த்து ஒன்றரை நாள். ஏத்துறது 15 செகண்டுக்கு ஒண்ணுனு போடுங்க, ஒன்பது மணி நேரம் தாண்டும், மேல ஓரத்துல வெட்டுறதும் ஒரு ஓடு இன்னொண்ணோட கோக்குற லாக்குல உக்கார வைக்கிறதும் சேர்ந்து ரெண்டு நாள். ஆள் குறைச்சா வரிசையில இடைவெளி விழுந்து ஒவ்வொருத்தரும் நடக்கணும், அப்ப மூணு நாள் கூட ஆகும். ஆளை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான்.

ரீப்பரையும் எண்ணிப் பாருங்க. ஓட்டுக்கு ஏத்தபடி பன்னிரண்டரை அங்குலத்துக்கு ஒண்ணுனு வச்சா ஒரு பக்கம் 17 வரிசை, ரெண்டு பக்கம் 34, ஒவ்வொண்ணும் 44 அடி, ஏறக்குறைய 1500 அடி ஓடுது. (கம்பெனிக்கு கம்பெனி அளவு கொஞ்சம் மாறும், ஓடு வந்து இறங்குன பிறகு பத்து ஓட்டை தரையில அடுக்கி அளந்துட்டுத்தான் ஆசாரி முதல் ரீப்பரையே அடிக்கணும்.) கைமரம் 2 அடிக்கு ஒண்ணுனா ஒரு பக்கம் 23, அப்ப 34ஐ 23ஆல பெருக்குனா 782 ஆணி. சாதா மரம்னா அண்ணாச்சி சொன்ன ரெண்டு நாள் சரி, ஆனா உங்களுது பனங்கை, வைரம் பாஞ்ச பனையில ஆணி வளைஞ்சிரும், ஒவ்வொண்ணுக்கும் டிரில் போட்டுத்தான் அடிக்கணும். ட்ரில்லு ரெண்டு வச்சுக்கங்க, ஒண்ணு சூடாகி நிக்கும்போது மூணு பேர் பீடி பத்த வச்சு உக்காந்திருவாங்க.

ஒரு கேள்வி. பழைய ஓட்டுல நல்லது எதையும் திரும்பப் போடுறீங்களா, எல்லாமே புதுசா?

—

சாரல்காத்து:

அண்ணே ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, 960ஐ வச்சு ரேட் சொல்லிருந்தா கதை முடிஞ்சிருக்கும். பழைய ஓடு நல்லதா இருக்கிறத போடச் சொல்றார் வாத்தியார், அவங்க அப்பா காலத்து ஓடாம். பாதி தேறும்னு நினைக்கிறேன்.

—

கணக்குப்பிள்ளை:

அப்ப அதுக்கும் ஆள் போடணும். பாசி பிடிச்ச ஓட்டை கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சு, தட்டிப் பார்த்து விரிசல் இருக்கிறத ஒதுக்கி அடுக்கணும், ஒரு ஆள் நாளைக்கு 250 பண்ணுனா பெரிசு. 1000 ஓட்டுக்கு 4 ஆள். மொத்தம் 50 வச்சுக்கங்க. இன்னொண்ணு, பழசையும் புதுசையும் ஒரே பக்கத்துல கலக்காதீங்க, லாக் சேராது, ஒழுகும். புதுசு தெருப்பக்கம், பழசு கொல்லைப்பக்கம்.

—

தார்சாவீட்டம்மா:

தம்பி நான் வேலை பார்க்கிற ஆள் இல்ல, வேலை பார்க்க விட்டு அவதிப்பட்ட ஆள். எங்க வீடும் ஓட்டு வீடுதான், மூணு வருஷம் முந்தி மாத்துனோம், எட்டு நாள்னு சொல்லி பதினேழு நாள் ஆச்சு. நீங்க எல்லாரும் போட்ட கணக்குல வராதது ரெண்டு சொல்றேன். ஒண்ணு, கீழ ஒரு குடும்பம் இருக்கும். கட்டில் பீரோ ஒதுக்கி மூடணும், தினம் சாயந்திரம் தார்ப்பாய் இழுத்துக் கட்டணும், காலைல அவுக்கணும், எங்க வீட்ல இதுக்கே ரெண்டு பேர் தினம் ஒரு மணி நேரம் போச்சு. ஒரு நாள் மேகம் இல்லைனு கட்டாமப் போனாங்க, அன்னைக்கு ராத்திரி பாத்து மழை, எங்க மாமியார் பத்தாயப் பலகைக்கு அடியில உக்காந்து விடிய விடிய திட்டுனாங்க. அதனால மொத்த வீட்டையும் ஒரே நாள்ல பிரிக்காம பாதி பாதியா பிரிக்க சொல்லுங்க, ஒரு பக்கமா மட்டும் பாரம் ஏறாம பார்த்துக்கங்க.

ரெண்டாவது, பங்குனி பாதியிலனு போட்டிருக்கீங்க, உங்க ஊர்ல பங்குனி உத்திரத்துக்கு ஆள் எங்க கிடைக்கும்? அத்தனை பேரும் குடும்பத்தோட சாஸ்தா கோயிலுக்கு கிளம்பிருவாங்க, முந்தின நாளும் வரமாட்டாங்க மறுநாளும் வரமாட்டாங்க. எங்க வீட்டை பிரிச்சுப் போட்டுட்டு போனது அப்பதான். சனிக்கிழமை சம்பளம் வாங்குனா திங்கக்கிழமை பாதிப் பேரு. உத்திரம் முடிஞ்ச பிறகு ஆரம்பிங்க.

—

மோட்டுவளை:

அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. சித்திரை வைகாசியில கோயில் கொடையும் வரும், உன் ஆசாரி எந்த ஊர்னு கேட்டு அந்த ஊர் கொடை எப்பனு தெரிஞ்சு வச்சுக்கோ. அப்புறம் தம்பி, முன்பக்கம் சர்வீஸ் ஒயர் வருதானு பாரு, அத லைன்மேன்ட்ட சொல்லி ஒதுக்காம ஒருத்தனையும் மேல ஏத்தாத. ரீப்பர் மேல கால் வைக்கக் கூடாதுனு முதல் நாளே சொல்லிரு, கைமரத்து மேலதான் மிதிக்கணும். மாவா இருக்குனு நீயே சொல்ற, ஏறுன ஆளு நேரா அடுப்படியில வந்து இறங்குவான்.

—

சாரல்காத்து:

வேலை முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு, சொன்ன ஆட்களுக்கு சொல்லணும்ல, அதான் வந்தேன். உத்திரம் கழிஞ்சுதான் ஆரம்பிச்சோம். 50 போட்டேன், 59ல முடிஞ்சது. ஓடு இறக்குனது சொன்ன மாதிரியே ஏழரை. ஏத்தி மேஞ்சது 14 போட்டு 12ல முடிஞ்சது, ஒரே குடும்பத்து ஆட்கள் ஏழு பேர், வரிசையில பாட்டு பேச்சுனு மிஷின் மாதிரி போச்சு. பழைய ஓடு கழுவ 4 இல்ல 6 ஆச்சு, பாசி சிமெண்ட் மாதிரி ஒட்டிருந்தது.

மீதி எல்லாம் மரத்துலதான். மோட்டுவளை அண்ணாச்சி வாய் முகூர்த்தம், கொல்லைப்பக்கம் பதினோரு பனங்கை தலை உளுத்துப் போயிருந்தது, கீழ நின்னு பார்த்தப்போ ஒண்ணும் தெரியல. 9 ஆள் 15 ஆச்சு. கைமரத்தை எடுத்த இடத்துல சுவர்த் தலை மண்ணா உதிர்ந்தது, அத உடைச்சு பூசி கட்டையை திரும்ப உக்கார வைக்க கொத்தனாரும் சித்தாளும் ஒன்றரை நாள், இந்த 3 யாரு கணக்குலயுமே இல்ல. மரமும் சுவரும் தனிக் கூலினு முன்னாடியே எழுதி வாங்குனதால வாத்தியார் ஒரு வார்த்தை பேசாம குடுத்தார், உளுத்த பனங்கையை நானே அவர் கையில குடுத்து உடைச்சுப் பார்க்கச் சொன்னேன், அது நல்லதாப் போச்சு. எனக்கு கை நட்டம் இல்ல, கழுவுன கூலி மட்டும் ரெண்டு ஆள் நான் போட்டேன்.

இப்ப பின்னாடி மாட்டுத் தொழுவமும் பண்ணிக் குடுங்கிறார், 18க்கு 12, ஆனா அது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, பழசு, ஓரமெல்லாம் பொரிஞ்சு கிடக்கு. அதுக்கு ஆள் எப்படி போடுறது?

—

மோட்டுவளை:

சந்தோசம் தம்பி. அதுக்கு வேகத்தை பார்க்காத, ஓட்டுக்கு போட்ட மாதிரி போடவே போடாத. நல்லா தண்ணி அடிச்சு நனைச்சிட்டு போல்ட்டை அவுத்து முழுசா இறக்கணும், கட்டிங் மெஷின் வைக்கக் கூடாது, மேல இருந்து கீழ போட்டு உடைக்கக் கூடாது, அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது. எல்லாருக்கும் நல்ல மாஸ்க் வாங்கிக் குடு, துண்டை கட்டுறதெல்லாம் வேலைக்கு ஆகாது. நாலு பேர் ஒரு நாள்னு போடு. முதல்ல மாட்டை வேற இடத்துல கட்டச் சொல்லு.