தொண்டி முதல் ஏர்வாடி வரை: சைக்கிளில் ஊர் பார்க்க எந்த மாதம், எந்த வழி?

வைகைக்கரை:
கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், கீழக்கரை வழியாக ஏர்வாடி வரை பேருந்தில் பலமுறை போயிருக்கிறேன். சீமைக்கருவேலத்தைத் தவிர வேறெதுவும் மனத்தில் நிற்கவில்லை. ஊர்களை நிதானமாகப் பார்ப்பதற்காகவே சைக்கிளில் வர விரும்புகிறேன். எப்போது வரலாம், எங்கே சாலையை விட்டு இறங்கலாம்?

பாம்பன்வாசி:
காற்றைப் பார்த்துத்தான் மாதத்தை முடிவு செய்ய வேண்டும், ஐயா. ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசுவதால், நீங்கள் சொல்லும் திசையில் பெரும்பாலும் எதிர்க்காற்றுதான். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் தையில் வந்தால் வாடை முதுகில் தள்ளிக்கொண்டு வரும். அந்த வாடையில் தேவிபட்டினம் பக்கத்து வடகடல், அதாவது பாக் விரிகுடா, கலங்கிக் கிடக்க, மறுநாள் கீழக்கரையில் தென்கடலான மன்னார் வளைகுடா அடங்கியிருப்பதைக் காண்பீர்கள். இரண்டு கடலுக்கும் ஏற்பத் தொழிலும் கரையின் நடமாட்டமும் மாறுவதைச் சைக்கிளின் வேகத்தில்தான் உணர முடியும். ராமேசுவரத்துக்கும் வருவதானால், 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தில் பக்கக் காற்று பலமாக இருக்கும்போது இறங்கி, ஓரமாக உருட்டிக்கொண்டு போங்கள்.

கீழக்கரையிலிருந்து ஒருத்தி:
சகோதரரே, எங்கள் ஊரைச் சாலையோடு கடந்துவிடாதீர்கள். கடலை நோக்கிப் போகும் தெருக்களுக்கு இடையே கார் நுழைய முடியாத சந்துகள் உண்டு. இருபுறமும் சுவர்கள் நெருங்கி உயர்ந்திருப்பதால் வெயிலிலும் நிழல் விழும். இந்த ஊர் எப்படி வாழ்கிறது என்பது அங்கேதான் புரியும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வரும் வழிகள் அவை. ஆகவே படம் எடுக்காமல், எவரிடமாவது கேட்டுக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி வாருங்கள். பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்ப்பதற்கு வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள்.

பனங்காட்டான்:
தை நல்லது என்பதை மறுக்கவில்லை, ஆயினும் நான் பங்குனியையே சொல்வேன். அப்போது காற்றும் தணிந்திருக்கும், சாயல்குடிப் பக்கம் பதநீரும் கிடைக்கும். ஏர்வாடியோடு நிறுத்தாமல் அதுவரை வாருங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை என்பதால், துறைகளை இயக்கத்தோடு பார்க்க அதற்கு முன்பே வந்துவிட வேண்டும். வெயில் கடுமையாக இருக்கும்; விடியலில் கிளம்பி முற்பகலிலேயே ஒதுங்கிவிடுங்கள். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டின் அலையாத்திக் காட்டுக்கும் கிளைச்சாலையில் திரும்புங்கள். நீங்கள் பேருந்தில் கண்ட அதே சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களின் பிழைப்பையும் இம்மாவட்டத்தில் நின்று பார்க்கலாம். அதன் முள் டயரைத் துளைத்துவிடும். மாற்று டியூபும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கையில் இருக்கட்டும்.