கவனிக்கப்படாத கதாபாத்திரங்களுக்கு எக்ஸ்சேஞ்ச்: தகுதியை எப்படி முடிவு செய்வது?

மைத்துளி
வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ஃபேன்ஃபிக் எக்ஸ்சேஞ்ச் (ஒருவர் கேட்கிற ரசிகர் கதையை இன்னொருவர் எழுதிப் பரிசாகக் கொடுப்பது) நடத்தப் போகிறோம், யாரும் கண்டுகொள்ளாத கதாபாத்திரங்களுக்கு மட்டும். விதி எழுத உட்கார்ந்ததும் சண்டை ஆரம்பித்துவிட்டது. ரசிகர் கதைகளைச் சேர்த்து வைக்கிற ஏஓ3 தளத்தில் 100 கதைக்குக் கீழே இருந்தால் தகுதி என்கிறார் ஒருவர். 50,000 கதை இருக்கிற ஃபேன்டத்தில் (ஒரு படைப்பின் ரசிகர் வட்டத்தில்) 300 கதையில் தலைகாட்டுகிற ஆளையும் யாரும் கவனிக்கவில்லை என்றுதானே அர்த்தம் என்கிறார் இன்னொருவர். எனக்கு இரண்டுமே நியாயமாகப் படுகிறது. "அவங்க கேட்ட ஆளைச் சேர்த்தீங்க, என் ஆளை ஏன் தள்ளினீங்க" என்று யாராவது வந்து நின்றால் காட்டுவதற்கு ஒரு விதி வேண்டும்.

பக்கவாத்தியம்
ஒரே எண்ணை வைத்து ஓட்ட முடியாது. 100-க்குக் கீழே, அல்லது அந்த ஃபேன்டத்தின் மொத்தக் கதைகளில் 1 சதவீதத்துக்குக் கீழே, இரண்டில் எது பொருந்தினாலும் சரி என்று வையுங்கள். ஆனால் 2 லட்சம் கதை உள்ள ஃபேன்டத்தில் 1 சதவீதமே 2000 ஆகிவிடும், அதனால் 500-க்கு மேல் யாருக்கும் இடமில்லை என்று ஒரு உச்சவரம்பும் தேவை.

எல்லோரும் கோட்டை விடுவது எதிர்ப்பக்கத்தில்தான். மொத்தமே 40 கதை உள்ள ஃபேன்டத்தில் நாயகனும் 100-க்குக் கீழேதான் இருப்பார், அவரையும் உள்ளே விட்டால் இது சின்ன ஃபேன்டம்களுக்கான எக்ஸ்சேஞ்ச் ஆகிவிடும். அதற்குத்தான் 2003-இலிருந்து யூல்டைட் என்ற எக்ஸ்சேஞ்ச் நடக்கிறதே! அங்கே அளவுகோல் ஃபேன்டத்துக்கு, உங்களுக்கு வேண்டியது கதாபாத்திரத்துக்கு, அதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். தன் ஃபேன்டத்தில் கால்வாசிக் கதைகளுக்கு மேல் வருகிற யாரும் தகுதியில்லை என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இரவுப்பூனை
எண்ணை விட, அதை எப்படி எண்ணுகிறீர்கள் என்பதில்தான் தகராறு வரும். லாகின் செய்யாமல் பார்த்தால், உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பூட்டிய கதைகள் கணக்கில் வராது, அதனால் ஒரே டேக்குக்கு (கதையில் வருகிறவர் பெயரைச் சொல்லும் குறிச்சொல்) உங்களுக்கு ஒரு எண், அந்த ஆளை நாமினேட் செய்தவருக்கு, அதாவது முன்மொழிந்தவருக்கு, வேறு எண். லாகின் செய்து, எல்லா மொழிகளும், முடிந்ததும் முடியாததும் சேர்த்து, இன்ன தேதியில் எண்ணினோம் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். நடுவில் யாராவது பத்துக் கதை போட்டு வரம்பைத் தாண்டினாலும் அந்தத் தேதிக் கணக்குதான்.

அப்புறம், டேக் இருந்தால் கதை அவரைப் பற்றியது என்று நினைக்காதீர்கள். ஒரு வரியில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவருக்கும் டேக் போடுகிறார்கள். வரம்பைக் கொஞ்சம் தாண்டுகிற ஆட்களுக்கு மட்டும் டேக்கின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள், 20 கதை இருக்கும். கதைச்சுருக்கத்தில் அவர் பெயர் வருவது ஐந்துக்கும் குறைவு என்றால் சேர்த்துக்கொள்ளலாம். சுருக்கத்தை மட்டும் பார்ப்பது கறாரான கணக்கு இல்லைதான், ஆனாலும் யார் பார்த்தாலும் ஒரே விடை வரும்.

மைத்துளி
இது உதவும், நன்றி. மூலக்கதையில் பெரிய ஆள், ஆனால் ஃபிக்கில் யாரும் தொடுவதில்லை, அப்படிப்பட்டவர்களை என்ன செய்வது? இவ்வளவு முக்கியமான ஆள் வேண்டாம் என்கிறார் எங்கள் குழுவில் ஒருவர்.

ஏழாம்வரிசை
தாராளமாகச் சேருங்கள். முக்கியமா இல்லையா என்று மாட்கள் (நடத்துகிற நீங்கள்) தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால் விதி எழுதியதே வீண். எழுதுகிறவர்கள் கவனிக்கவில்லையா, அது மட்டும்தான் கேள்வி.

நான் பயப்படுவது ஜோடிகளைப் பற்றி. கவனிக்கப்படாத ஒருவரோடு எல்லோருக்கும் பிடித்த ஒருவரைச் சேர்த்து நாமினேட் செய்வார்கள், கடைசியில் பரிசாக வருகிற கதை முழுக்க அந்தப் பிரபலம்தான் நிற்பார். ஜோடி என்றால் இருவருமே தகுதி பெற வேண்டும், தனி ஆள் என்றால் கதை அவரைச் சுற்றியே நடக்க வேண்டும், மற்றவர்கள் வந்து போகலாம் என்று சைன்-அப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். கதைகள் வந்து சேர்ந்த பிறகு இதைச் சொன்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

பக்கவாத்தியம்
ஜோடி விதிக்கு என் ஓட்டும் உண்டு. முதல் பக்கச் சோதனையை மட்டும் ஒரே மாட் செய்யட்டும், மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தால் திரும்பவும் சண்டைதான்.