பழக்கடை ஆரஞ்சுக் குவியல்: கெப்ளர் கணக்கு முடிந்துவிட்டதா?

மூலத்தறை | சனி, இரவு 9:10

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எம்.எஸ்சி. கணிதம், இரண்டாம் வருடம். ஆராய்ச்சிக்குப் போக ஆசை. பந்துகளை அடுக்கும் கணக்கில்தான் மனசு நிற்கிறது. ஒரே அளவுள்ள பந்துகளை எப்படி அடுக்கினாலும் இடத்தில் 74.05 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாது என்று கெப்ளர் 1611-ல் எழுதினார். பழக்கடையில் ஆரஞ்சைக் குவிப்பார்களே, அந்த அடுக்குதான் அந்த உச்சம். தாமஸ் ஹேல்ஸ் 1998-ல் இதை நிரூபித்துவிட்டதாக அறிவித்தார்.

இதைப் பற்றிக் கேட்டதற்கு ஆசிரியர் ஒருவர் வகுப்பில் எல்லார் முன்னாலும், "அது கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, கணிதமே கிடையாது, வேறு ஏதாவது பார்" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாளாக அதே நினைப்பு. பெரியவர்கள் சொல்லுங்கள். அந்தக் கணக்கு முடிந்ததா, இல்லையா?

செக்போஸ்ட் | சனி, இரவு 9:34

முடிந்தது தங்கச்சி. இதில் சந்தேகமே வேண்டாம்.

ஹேல்ஸ் கொடுத்தது சுமார் 250 பக்கமும் அதனுடன் கம்ப்யூட்டர் நிரல்களும் தரவுகளும். அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் இதழ் 12 பேரைச் சரிபார்க்க உட்கார வைத்தது. வருடக்கணக்கில் பார்த்துவிட்டு, 99 சதவீதம் சரி, எல்லாக் கணிப்பையும் எங்களால் பார்த்து முடிக்க முடியவில்லை என்று கை விரித்தார்கள். கட்டுரை 2005-ல் வெளியானது. அந்த மீதி ஒரு சதவீதத்துக்காகத்தான் ஹேல்ஸ் ஃப்ளைஸ்பெக் என்ற திட்டத்தைத் தொடங்கினார். நிரூபணத்தின் ஒவ்வொரு அடியையும் தர்க்க விதிக்கு உட்பட்டுக் கம்ப்யூட்டரே சரிபார்க்கும்படி எழுதினார்கள். 2014 ஆகஸ்டில் முடிந்தது. சமனின்மைகளைச் சரிபார்க்க மட்டும் சுமார் 5,000 பிராசஸர் மணி நேரம் பிடித்தது.

நான் கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறவன். தினமும் வாளையாறு தாண்டிப் போய் அடுத்தவர் எழுதியதில் தப்புத் தேடுவதுதான் பிழைப்பு. இந்த அளவுக்குச் சோதித்த ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தென்மலை மாஷ் | சனி, இரவு 10:05

கண்ணு, அந்த ஆசிரியர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் சொன்ன விதம் தப்பு. ஆனால் அவர் மனசில் இருந்த குறை எனக்கும் உண்டு, அதைச் சரியாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

சித்தூர் தாலூக்காவில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு முப்பத்தோரு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். நம் ஆற்றுத் தண்ணீர் போய்ச் சேரும் பாரதப்புழை வட்டாரத்தில்தான் 1530 வாக்கில் ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷா' எழுதினார். பழைய கேரளக் கணித அறிஞர் மாதவனின் தொடர்களை, பை-யின் நான்கில் ஒரு பங்கு என்பது 1 கழித்தல் மூன்றில் ஒன்று கூட்டல் ஐந்தில் ஒன்று என்று போகிறதே, அதையெல்லாம் சமஸ்கிருதச் சூத்திரமாக விட்டுவிடாமல் மலையாளத்தில் காரணத்தோடு சொன்ன புத்தகம். பெயரிலேயே யுக்தி இருக்கிறது. காரணத்தைச் சொன்னால் கேட்கிறவன் தலையில் அது மறுபடி நடக்க வேண்டும்.

பழக்குவியல் என்றதும் நினைவுக்கு வருகிறது. முக்கோண அடித்தளம் வைத்து எட்டு அடுக்குக் குவித்தால் எத்தனை பழம்? ஆர்யபட்டர் 499-லேயே விதி சொல்லிவிட்டார்: எட்டு, ஒன்பது, பத்தைப் பெருக்கி ஆறால் வகு, 120. ஏன் ஆறு? வகுப்பில் மரக்கட்டைகளை வைத்துக் காட்டுவேன். அதே மாதிரிக் குவியல் ஆறு செய்து, ஒன்றோடு ஒன்று பொருத்தினால் எட்டுக்கு ஒன்பதுக்குப் பத்து என்ற முழுப் பெட்டி வந்துவிடும். ஆறாவது குவியல் உள்ளே உட்காரும்போது கடைசி பெஞ்சிலிருந்து "ஓ" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் 5,000 மணி நேரக் கணிப்பில் எங்கே வரும்?

பழமண்டி | சனி, இரவு 10:20

கோவிந்தாபுரத்தில் கடை வைத்திருக்கிறோம். தெரியாமல் கேட்கிறேன். நாங்கள் ஆரஞ்சைச் சதுரமாகவும் ஆரம்பிப்போம், முக்கோணமாகவும் ஆரம்பிப்போம். இரண்டில் எது நெருக்கம்? கணக்கு எதைச் சொல்கிறது?

நடுசாலை | சனி, இரவு 10:48

அண்ணா, இரண்டும் ஒன்றுதான். சதுரமாக அடுக்கிய குவியலின் பக்கவாட்டுச் சரிவைக் கவனியுங்கள். அந்தச் சரிவில் பழங்கள் முக்கோணமாகத்தான் இருக்கும். குவியலைச் சாய்த்துப் படுக்க வைத்தால் உங்கள் முக்கோண அடுக்கு கிடைக்கும்.

முக்கோணத்தில் ஆரம்பித்தால் இன்னொன்று தெரியும். முதல் அடுக்கின் மேலே இரண்டு வகைக் குழி இருக்கும். ஒரு வகையில் பழம் வைத்தால் பக்கத்துக் குழியில் வைக்க இடம் இருக்காது. ஆக ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு வழி. எதில் வைத்தாலும் அடர்த்தி அதே 74.05. முதலிடத்துக்கு எண்ணற்ற அடுக்குகள் சமமாக நிற்கின்றன.

இது போதாதென்று இன்னொரு சங்கடம். ஒரு பந்தைச் சுற்றிப் பன்னிரண்டு பந்தைப் பன்னிரண்டு ஐங்கோண முகமுள்ள வடிவம் வரும்படி வைத்தால், அந்த ஒரு பந்தின் பங்குக்கு விழும் இடத்தில் அடர்த்தி 75.47 வரை ஏறும். ஒரு இடத்தில் மட்டும் கெப்ளரை மிஞ்சலாம். ஆனால் அந்த ஐங்கோண வடிவங்களை இடைவெளி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போக முடியாது. இங்கே லாபம் பார்த்தால் பக்கத்தில் நஷ்டம் வரும். அந்த நஷ்டம் எப்போதும் லாபத்தை விழுங்கிவிடும் என்று காட்ட வேண்டும். மாஷ், ஹேல்ஸ் ஆயிரக்கணக்கான தனித்தனி நிலைகளாகப் பிரித்ததற்குக் காரணம் இதுதான். கணக்கே அப்படி அமைந்திருக்கிறது.

(நான் பி.எச்டி. இயற்பியல். முதலமடையில் எங்கள் வீட்டுத் தோப்பு மாங்காயைப் பெட்டியில் அடுக்கும்போது ஆரம்பித்த பைத்தியம் இது.)

செக்போஸ்ட் | சனி, இரவு 11:15

மாஷ் சொன்ன மரக்கட்டை எனக்கும் பிடித்தது. ஆனால் "ஓ" என்ற சத்தத்தை நம்பி எத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள்! நாலு வண்ணக் கணக்கை எடுங்கள். பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்கு ஒரே நிறம் வராமல் தீட்ட எந்த நாட்டு வரைபடத்துக்கும் நாலு நிறம் போதும் என்று கெம்பே 1879-ல் நிரூபித்தார். அழகான, கையால் எழுதிய, எல்லாருக்கும் புரிந்த நிரூபணம். ஹீவுட் அதில் ஓட்டையைக் கண்டுபிடித்தது 1890-ல். பதினொரு வருடம் எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அப்பெல், ஹேக்கன் இருவரும் 1976-ல் கம்ப்யூட்டரை வைத்துத்தான் முடித்தார்கள். அதையும் 2005-ல் கோந்தியே 'காக்' என்ற நிரலில் வரிவரியாகச் சரிபார்த்துவிட்டார்.

கெப்ளர் கணக்கிலும் மூல ஆவணத்தில் இருந்த பிழைகளுக்கு 2010-ல் திருத்தம் வந்தது. புரிவது நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் அது உண்மையாக இருக்க வேண்டாமா?

தென்மலை மாஷ் | ஞாயிறு, காலை 6:40

இரவெல்லாம் யோசித்தேன். கெம்பே விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. உண்மையா என்ற கேள்விக்கு ஃப்ளைஸ்பெக் பதில் சொல்லிவிட்டது. அதில் இனி நான் சண்டை போடவில்லை.

ஆனால் கணக்கு முடிந்தது என்ற சொல்லை இன்னும் ஏற்க மாட்டேன். 2016-ல் மரினா வியாசோவ்ஸ்கா எட்டுப் பரிமாணத்தில், அதாவது ஒரு புள்ளியைச் சொல்ல மூன்று எண்ணுக்குப் பதில் எட்டு எண் வேண்டிய வெளியில், இதே கேள்வியை முடித்தார். அந்தக் கட்டுரை 23 பக்கம். மூன்று பரிமாணத்தைவிட எட்டுப் பரிமாணம் கஷ்டமாகத்தானே இருக்க வேண்டும்? கோன், எல்கீஸ் இருவரும் 2003-ல் ஒரு வழி காட்டியிருந்தார்கள்: குறிப்பிட்ட குணங்கள் உள்ள ஒரே ஒரு சார்பு கிடைத்தால் போதும், அடர்த்தி இதற்கு மேல் போகாது என்று அதுவே சொல்லிவிடும். வியாசோவ்ஸ்கா அந்தச் சார்பைக் கட்டினார். எதை வைத்துக் கட்டினார் தெரியுமா? நம் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் 1916 கட்டுரையில் பி, கியூ, ஆர் என்று பெயரிட்ட மூன்று தொடர்கள். பி-யையும் கியூ-வையும் பெருக்கி ஆரைக் கழித்தால் வருவது கியூ-வின் வகைக்கெழுவைப் போல மூன்று மடங்கு என்று ராமானுஜன் காட்டினார். அதே கணிதக் கோவைதான் வியாசோவ்ஸ்காவின் சார்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைப் படித்த அன்று நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவே இல்லை.

மூன்று பரிமாணத்துக்கும் அப்படி ஒரு காரணம் கிடைக்கும்வரை கணக்கு திறந்தேதான் இருக்கிறது.

செக்போஸ்ட் | ஞாயிறு, காலை 8:02

மாஷ், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த 23 பக்கத்திலும் கடைசியில் ஒரு சமனின்மையைக் கம்ப்யூட்டரை வைத்துத்தான் சரிபார்த்திருந்தார்கள்.

தென்மலை மாஷ் | ஞாயிறு, காலை 8:20

தெரியும். சீவூ லீ 2024-ல் அதற்குக் கையால் செய்யும் இயற்கணித நிரூபணம் கொடுத்துவிட்டார். நிரூபிக்கப்பட்டது என்று எட்டு வருடம் முன்பே பெயர் வந்துவிட்ட ஒன்றுக்கு ஏன் ஒருவர் மெனக்கெட வேண்டும்? காரணம் தேவைப்பட்டது, அதனால்தான்.

செக்போஸ்ட் | ஞாயிறு, காலை 8:31

இந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லை. கம்ப்யூட்டர் முதலில் வழியைத் திறந்தது, மனிதன் பிறகு காரணம் தேடினான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வீர்கள்.

நடுசாலை | ஞாயிறு, காலை 9:45

இரண்டு பேரும் நிரூபணத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இயற்பியல் பக்கம் இருந்து பார்த்தால் பெரிய கேள்விகள் இன்னும் தொடப்படாமலே கிடக்கின்றன. இந்தப் பெண் கேட்டது ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது என்பதைத்தானே.

ஆரஞ்சை அடுக்க ஒரு கை வேண்டும். கூடையில் கொட்டிக் குலுக்கினால் 64 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடும். அந்த 64-க்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட வரையறைகூட இல்லை. உப்புக் கல்லில் அணுக்களை யார் அடுக்கி வைத்தது? 1957-ல் ஆல்டர், வெயின்ரைட் இருவரும் கம்ப்யூட்டரில் கடினப் பந்துகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். பந்துகளுக்குள் ஈர்ப்பே கிடையாது. இடத்தை நெருக்கியதும் தாமாக ஒழுங்கில் வந்து நின்றன. சுமார் 49 சதவீதம் வரை திரவம், 54-ஐத் தாண்டினால் படிகம். அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதற்குக் கணித நிரூபணம் இன்றுவரை இல்லை. ஹேல்ஸ் சொன்னது மிக நெருக்கமான அடுக்கு எது என்பதை. இயற்கை ஏன் அடுக்குகிறது என்பது வேறு கேள்வி.

பழமண்டி அண்ணனுக்கு ஒன்று: மாங்காய் உருண்டை இல்லை, கொஞ்சம் நீளம். அப்படிப்பட்ட வடிவங்களை 77 சதவீதம் வரை அடுக்கும் வழியை 2004-ல் டோனேவ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதற்கு மேல் போக முடியுமா என்று யாரும் நிரூபிக்கவில்லை.

பழமண்டி | ஞாயிறு, காலை 10:10

நேற்று வந்த பங்கனப்பள்ளிப் பெட்டியில் காம்பை மேலே பார்க்க வைத்து, ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை அரைப் பழம் தள்ளி அடுக்கினோம். இரண்டு பழம் கூடுதலாகப் பிடித்தது. நீங்கள் சொல்வது இதுதானா என்று தெரியவில்லை. ஆனால் பிடித்தது.

மூலத்தறை | ஞாயிறு, மதியம் 1:25

எல்லாருக்கும் நன்றி. மாஷ் சொன்னதையும் நடுசாலை அண்ணன் சொன்னதையும் சேர்த்துத் தேடிப் படித்தேன். கோன், குமார், மில்லர், ராட்சென்கோ, வியாசோவ்ஸ்கா ஐவரும் 2019-ல் இன்னும் பலமான ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். எட்டு, இருபத்து நான்கு பரிமாணங்களில் மிக நெருக்கமானவை என்று நிரூபிக்கப்பட்ட அடுக்குகள் நெருக்கத்தில் மட்டுமில்லை, ஒன்றையொன்று தள்ளும் புள்ளிகளின் ஆற்றலைக் குறைப்பதிலும் முதலிடம், தள்ளும் விதி ஒரு பெரிய வகைக்குள் எதுவாக இருந்தாலும் சரி. ஆனால் சாதாரண மேஜைத் தளத்தில், ஆரஞ்சின் முதல் அடுக்கு போல முக்கோணமாகப் பரப்பிய புள்ளிகளுக்கு இது உண்மையா என்பது இன்னும் ஊகம்தான். எட்டில் தெரிகிறது, இரண்டில் தெரியவில்லை! எனக்கு இதுதான் வேண்டும்.

கோன், எல்கீஸ் கட்டுரையில் ஆரம்பித்தேன். முதல் நிரூபணம் ஒரு பக்கம்கூட இல்லை. அதிலேயே மாட்டிக்கொண்டேன். மாஷ், ஒரு சார்பின் மதிப்புகளின் கூட்டலை அதன் ஃபூரியே மாற்றின் கூட்டலோடு இணைக்கும் பாய்சான் கூட்டல் சூத்திரம் லாட்டிஸுக்கு, அதாவது ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரும் புள்ளிகளுக்குத்தானே பொருந்தும்? ஒழுங்கே இல்லாத அடுக்குகளும் இருக்கின்றனவே, அவற்றை எப்படி விட்டுவிடலாம்?

தென்மலை மாஷ் | ஞாயிறு, மதியம் 2:03

நல்ல கேள்வி கண்ணு. விடவில்லை. எந்த அடுக்கையும் எடுத்து, அதில் ஒரு பெரிய கனசதுரத்தை வெட்டு. சுவரில் இடிக்கும் பந்துகளை எடுத்துவிடு. மீதியை அப்படியே நாலா பக்கமும், மேலும் கீழும் திரும்பத் திரும்ப வை. கனசதுரம் பெரிதாகப் பெரிதாகச் சுவரில் இழந்தது ஒன்றுமில்லாமல் போகும், அடர்த்தி நீ விரும்பும் அளவுக்கு மூலத்தை நெருங்கும். அதனால் திரும்பத் திரும்ப வரும் அடுக்குகளை மட்டும் பார்த்தால் போதும். இனி ஒரு கட்டத்துக்குள் பல பந்துகள் இருக்கும், அந்தப் பல பந்துகளுக்கும் சேர்த்துச் சூத்திரத்தை எழுதிப் பார். ஒரு வர்க்கம் வரும், அது குறையாக முடியாது. அந்த வரியை நீயே எழுதி இங்கே போடு.