பல் முளைக்கும் குழந்தைக்குப் பச்சைக் கேரட் கொடுக்கலாமா?

வெண்முத்து:
எட்டு மாதக் குழந்தை, கீழே 2 பல் வந்தாச்சு, மேல் ஈறு வீங்கியிருக்கு, என்ன கொடுக்கலாம்னு கேட்டா என் பதில் ஒண்ணுதான். தோல் சீவின பச்சைக் கேரட்டை ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வெச்சு முழுசா கையில் கொடுங்க. கட்டைவிரல் தடிமனுக்குக் குறையக் கூடாது, குழந்தையின் பிடிக்கு வெளியே இரண்டு அங்குலம் நீட்டிக்கிட்டு இருக்கணும். கேரட் குளிர்ச்சியைச் சீக்கிரம் விடாது. முளைக்கிற பல் கீழிருந்து அழுத்தும்போது மேலிருந்து ஒரு எதிர் அழுத்தம் கிடைச்சா ஈறுக்கு இதமா இருக்கும். மருந்தும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. ஒருத்தர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தா போதும்.

பால்பல்:
"2 பல் வந்தாச்சு" என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வெறும் ஈறு கேரட்டைச் சப்பும், சுரண்டும், அவ்வளவுதான். முன்பல் வந்துவிட்டால் ஒரு துண்டைப் பெயர்த்துவிடும். அதை அரைக்க வேண்டிய முதல் கடைவாய்ப்பல் வருவது பெரும்பாலும் 13 முதல் 19 மாதங்களுக்குள். அதுவரை கடிக்கத் தெரியும், அரைக்க முடியாது. பச்சைக் கேரட் துண்டு எச்சிலில் கரையாது, நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே நசுங்காது. பச்சை ஆப்பிளும் இப்படித்தான். ஓராண்டு முடிவதற்குள் எந்தக் குழந்தைக்கும் இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெண்முத்து:
துண்டு உள்ளே போனா குழந்தை தானே ஓக்காளிச்சு வெளியே தள்ளிடும். ஆறேழு மாதத்தில் அந்த உணர்வு பெரியவங்களைவிட நாக்கில் இன்னும் முன்னாடியே தூண்டப்படுது. ஓக்காளத்தைப் பார்த்துப் பயந்து எல்லாத்தையும் கூழாக்கினா மெல்லப் பழகறது தள்ளிப் போகும்.

பால்பல்:
ஓக்காளத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. முகம் சிவக்கும், இருமல் வரும், சத்தம் கேட்கும். அப்போது கைவைக்காமல் காத்திருக்கலாம். ஆனால் அந்த உணர்வு எல்லாத் துண்டையும் பிடித்து நிறுத்தாது. மூச்சுக்குழாய் முழுக்க அடைபட்டால் சத்தமே வராது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலமாகும். உடனே ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லிக்கொண்டே, குழந்தையைக் குப்புற, தலை தாழ்வாகப் பிடித்து முதுகில் 5 தட்டு. பிறகு மல்லாத்தி மார்பில் 5 அழுத்தம். துண்டு வெளிவரும் வரை மாற்றி மாற்றி. கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல் விட்டுத் தேடக் கூடாது, இன்னும் உள்ளே தள்ளிவிடும். "பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்" என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தளிர்நடை:
நீங்க இரண்டு பேரும் இரண்டு வேலையை ஒண்ணாக்கிப் பேசறீங்க. கடிச்சு இதம் காண ஒரு பொருள் வேணும், அது உடையவே கூடாது. சாப்பிட ஒரு உணவு வேணும், அது உடையலாம், ஆனா நசுங்கணும். பச்சைக் கேரட் இரண்டிலும் சேராது.

கடிக்க: சுத்தமான பருத்தித் துணியில் ஒரு முனையை மட்டும் நனைச்சுப் பிழிஞ்சு, 20–30 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்க. காய்ந்த முனை கைப்பிடி. நூல் பிரிந்த துணி வேண்டாம், தூங்கும்போது பக்கத்தில் விடாதீங்க. ரப்பர் கடிப்பானும் ஃப்ரிட்ஜ் வரைக்கும்தான், ஃப்ரீசரில் வேண்டாம். கல்லா உறைஞ்சது ஈறைக் காயப்படுத்தும், உதட்டில் ஒட்டித் தோலைப் புண்ணாக்கும். உள்ளே திரவம் நிரப்பின வகை கடியில் கிழியும், அதை வாங்காம இருக்கறதே நல்லது.

சாப்பிட: அதே கேரட்டை விரல் நீளத்துக்கு வெட்டி ஆவியில் வேகவிட்டு ஆறவையுங்க. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேசா அழுத்தினா நசுங்கணும். நசுங்கலைன்னா இன்னும் கொஞ்சம் வேகட்டும். குளிர்ந்த தயிர், மசிச்ச வாழைப்பழம், நல்லா பழுத்த பேரிக்காய் எல்லாம் நல்லது. இது 6 மாதம் முடிஞ்ச குழந்தைக்கு. நாலு மாதத்தில் கையைக் கடிக்குதுன்னு உணவு ஆரம்பிக்காதீங்க, துணியும் விரலால் ஈறைத் தடவறதுமே போதும். தேன் ஓராண்டு வரை ஒரு சொட்டுகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்து குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும்.

இரவுவிழிப்பு:
பகலுக்குத் துணி சரி. ராத்திரி 2 மணிக்கு வீறிட்டு அழும்போது? மரத்துப்போக வைக்கிற ஜெல்லை ஏன் யாருமே சொல்றதில்லை? பிரிட்டனில் 2018 டிசம்பரில் லிடோகெய்ன் ஜெல்லை மருந்தாளர் மேற்பார்வையில் விற்கச் சொன்னாங்களே தவிர, முழுசா தடை பண்ணலை.

பால்பல்:
முதல் வழியாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதால்தானே அந்தக் கட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இன்னும் கறாராகச் சொன்னது: லிடோகெய்ன் கரைசலைப் பல் முளைக்கும் வலிக்குக் கொடுக்காதீர்கள் என்று 2014இல், அதேபோல மரத்துப்போக வைக்கும் பென்சோகெய்ன் 2 வயதுக்குள் கூடவே கூடாது என்று 2018இல். பென்சோகெய்ன் ரத்தத்தின் ஹீமோகுளோபினை மாற்றி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். லிடோகெய்ன் அளவு மீறினால் வலிப்பு வரலாம், இதயம் பாதிக்கப்படலாம். அளவு ஏன் மீறுகிறது? ஜெல் எச்சிலில் சில நிமிடங்களில் கழுவிப் போகும். அழுகை நிற்கவில்லையே என்று மறுபடி தடவுவோம். தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். போகிற வழியில் தொண்டையையும் மரக்கடிக்கும். வெண்முத்து நம்பியிருக்கும் ஓக்காளம் அப்போது மங்கிவிடும். ஜெல் தடவிய கையோடு உணவு கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

தளிர்நடை:
ராத்திரிக்குப் பாராசிட்டமால் இருக்கு, தினமும் கொடுக்கற பொருளா இல்லாம. ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10–15 மில்லிகிராம், இரண்டு வேளைக்கு நடுவே குறைஞ்சது 4 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 முறைக்கு மேல் போகக் கூடாது. 7 கிலோ குழந்தைக்கு 70–105 மில்லிகிராம். தப்பு நடக்கிறது பாட்டிலில்தான். 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கிற சிரப்னா சுமார் 3 முதல் 4 மில்லி. ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கிற சொட்டு மருந்துன்னா 0.7 முதல் 1 மில்லிதான். சிரப் கணக்கில் சொட்டு மருந்தை 4 மில்லி ஊத்தினா 400 மில்லிகிராம், கிட்டத்தட்ட நாலு மடங்கு. லேபிளைப் படிச்சு, மருத்துவர்கிட்ட உறுதி பண்ணிக்கிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்க. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் சொல்லாம எதுவும் வேண்டாம். ஆஸ்பிரின் எப்பவுமே வேண்டாம்.

இரவுவிழிப்பு:
பல் காய்ச்சலுக்கும் இதே அளவுதானே?

பால்பல்:
பல் காய்ச்சல் என்று ஒன்று இல்லை. பல் முளைக்கும்போது உடல் சூடு சற்று ஏறலாம். 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, வயிற்றுப்போக்கு இருந்தாலோ காரணம் வேறு. பல்லின் மேல் பழி போட்டுக் காத்திருந்தால் காது நோயும் சிறுநீர்த் தொற்றும் கண்டுபிடிக்கப்படாமல் போகும். பல் வலி குறையும் என்று கழுத்தில் கட்டும் ஆம்பர் மணி மாலையையும் யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: கழுத்தை இறுக்கும், மணி உதிர்ந்தால் தொண்டையில் அடைக்கும். கட்டாதீர்கள்.

வெண்முத்து:
முன்பல் வந்த குழந்தைக்குப் பச்சைக் கேரட் கூடாதுன்னு ஒத்துக்கறேன். ஆனா துணியோடும் ரப்பரோடும் நிறுத்திக்கணும்னு சொல்றதை ஏத்துக்க முடியாது. மணியெல்லாம் சுத்தமா சீவி எடுத்த மக்காச்சோளத் தண்டு இருக்கே? வேகவெச்சு, ஆறவெச்சு, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வெச்சது. தளிர்நடை சொன்ன இரண்டு வேலையில் முதல் வேலைக்கு அது பொருந்தும்.

தளிர்நடை:
பொருந்தும். தண்டை இரண்டா வெட்டாதீங்க, முழு நீளத்தில் கொடுங்க. மணியின் அடித்தோல் ஒட்டியிருக்கான்னு விரலால் தடவிப் பாருங்க, மெல்லிசா ஒட்டினது அண்ணத்தில் போய் அப்பிக்கும். கொடுக்கும் முன்னாடி இரண்டு கையாலும் வளைச்சுப் பாருங்க, விரிசல் விட்டா வேண்டாம். குழந்தை நேரா உட்கார்ந்திருக்கணும். நார் பிரிய ஆரம்பிச்சதும் வாங்கிடுங்க, கழுவி மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

பால்பல்:
மேலும் கீழுமாக 4 பல் வந்த பிறகு அதையும் நிறுத்திவிடுங்கள்.