ஸ்விஃப்ட் காரில் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் வீட்டிலேயே மாட்டுவது: எதை முதலில் செய்வது?

பெரம்பூர்வாசி (கேள்வி)

2018 ஸ்விஃப்ட், பெட்ரோல். கம்பெனி ஸ்டீரியோ, நான்கு கதவிலும் கம்பெனி ஸ்பீக்கர். வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றினால் குரல் கிழிகிறது, கதவு பேட் (உள்பக்க மூடி) கிடுகிடுக்கிறது. மிருதங்கத்தில் வலப்பக்க வலந்தலை மட்டும் கேட்கிறது, இடப்பக்கத்துக் கனத்த தொப்பியைக் காணோம். ஒரு கடையில் ஸ்பீக்கரை மட்டும் மாற்றச் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் டிக்கியில் 12 இன்ச் சப்வூஃபர் (கீழ்ஸ்தாயிக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்) பெட்டி வைக்கச் சொல்கிறார்கள்.

கையில் 25,000 ரூபாய். ஸ்டியரிங் பட்டன்கள் வேலை செய்ய வேண்டும், அதனால் ஸ்டீரியோவை மாற்ற எண்ணமில்லை. சாலிடரிங், மல்ட்டிமீட்டர் பழக்கம் உண்டு. வண்டி தெருவில்தான் நிற்கிறது, வெயிலும் மழையும் நேராகப் படும். எந்த வரிசையில் செய்யலாம்?

கதவுதான்பெட்டி

முதல் செலவு கதவுக்கு. ஸ்பீக்கர் கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் எதிரெதிர். கதவின் உள்தகட்டில் சர்வீஸுக்காக விட்ட பெரிய ஓட்டைகள் வழியாக அவை இரண்டும் கலந்தால் கீழ்ஸ்தாயி ஒன்றை ஒன்று தின்றுவிடும். உங்களுக்குத் தொப்பி கேட்காததற்குப் பாதிக் காரணம் இதுதான். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலைக்கு ஸ்பீக்கர் போட்டாலும் அதே கதைதான்.

இரண்டு முன்கதவுகள் போதும், பின்கதவுகளைத் தொட வேண்டாம். 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்கும், அலுமினிய மேலுறை கொண்ட ஒட்டு ரப்பர்) இரு கதவுக்கும் சேர்த்து 2 சதுர மீட்டர் வாங்குங்கள். தார் கலந்த மலிவு ஷீட் வேண்டவே வேண்டாம். வெயிலில் நிற்கும் வண்டியில் அது இளகி வழியும், வண்டிக்குள் தார் நாற்றம் போகாது.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கைப்பிடிக் குழிக்குள்ளும் உள்பக்கத் திறப்பானுக்குப் பின்னாலும் மூடி போட்ட திருகுகள் இருக்கும். அவற்றை எடுத்தபின் பேடைக் கீழ் ஓரத்திலிருந்து பிளாஸ்டிக் நெம்பியால் எடுங்கள். ஸ்க்ரூடிரைவர் போட்டால் கிளிப்பும் உடையும், பெயின்ட்டும் போகும். கிளிப் எப்படியும் ஒன்றிரண்டு உடையும், பத்து கிளிப் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். கிழிக்காமல் மெதுவாக உரியுங்கள். கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைநீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள். பலர் இதைக் குப்பையில் போட்டுவிட்டு, ஐப்பசி மழையில் கால்மிதி ஏன் ஊறுகிறது என்று தேடுகிறார்கள்.

வெளித்தகட்டின் உள்பக்கத்தை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் ஷீட்டை ஒட்டி ரோலரால் அழுத்துங்கள். அலுமினியத்தில் உள்ள புடைப்புகள் தட்டையாகும்வரை உருட்ட வேண்டும். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை, பாதிப் பரப்பு போதும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: "டண்" என்று நீண்ட சத்தம் "டொக்" என்று அங்கேயே நின்றால் சரி. ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் மட்டும் இன்னொரு அடுக்கு போடுங்கள்.

உள்தகட்டின் பெரிய ஓட்டைகளைப் பியூட்டைலால் மட்டும் மூடினால் அது வெயிலில் தொங்கிவிடும். 1 மி.மீ. அலுமினியத் தகடு வெட்டி வைத்து அதன்மேல் ஒட்டுங்கள். நாளைக்குப் பவர் விண்டோ மோட்டார் பழுதானால் மெக்கானிக் கை போக வேண்டும், அதனால் தகட்டைத் திருகால் பொருத்துவது நல்லது. கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளை எக்காரணத்துக்கும் மூடாதீர்கள். மூடினால் தண்ணீர் தேங்கிக் கதவு அடியிலிருந்து துருவேறும்.

இதன்பின் 6.5 இன்ச் காம்பொனன்ட் செட் (கதவு ஸ்பீக்கரும் உயர்ஸ்தாயிக்கான சின்ன ட்வீட்டரும் தனித்தனியாக வருவது). துளை போடும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கிக் காந்தத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் ஸ்பேசர் (இடைவெளி வளையம்) தேவை. எம்.டி.எஃப். மரம் ஈரத்தில் ஊதிப்போகும், ஏ.பி.எஸ். அல்லது ஹெச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் ஸ்பேசராக எடுங்கள். ஸ்பீக்கர் விளிம்புக்கும் பேடின் கிரில்லுக்கும் இடையே ஃபோம் வளையம் ஒட்டினால் சத்தம் பேடுக்குள் சுற்றாமல் நேரே வெளியே வரும். ஸ்பீக்கர் காந்தத்துக்கு மேலே கையளவு பிளாஸ்டிக் துண்டைச் சரிவாகக் கூரைபோல் ஒட்டுங்கள், கண்ணாடியில் வடியும் நீர் கோனில் விழாது.

செட்டோடு வரும் கிராஸ்ஓவர் பெட்டி (ஸ்தாயிகளைப் பிரித்து அனுப்புவது) கதவின் பிளாஸ்டிக் தாளுக்கு உள்புறம், காய்ந்த பக்கத்தில் இருக்க வேண்டும். ட்வீட்டரைப் பக்கக் கண்ணாடி மூலையில் வையுங்கள். திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் முன்தூணில் எதையும் பொருத்தக் கூடாது. ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர் எதைக் கண்டாலும் கை வைக்காதீர்கள்.

மின்கம்பி

மேலே சொன்னதை அப்படியே செய்யுங்கள். ஆம்ப்ளிஃபையர் பற்றி நான் சொல்கிறேன்.

ஸ்டீரியோமேல் "50 வாட் x 4" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் பெருக்கி ஐ.சி.க்குக் கிடைப்பது 14.4 வோல்ட். அதில் கிழியாத சைன் அலை அதிகபட்சம் 10 வோல்ட் ஆர்.எம்.எஸ். (உச்ச அளவல்ல, பயனுறு அளவு) அளவுக்குத்தான் வரும். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 25 வாட், நடைமுறை இழப்புகள் போக இன்னும் குறைவு. பாதி வால்யூமுக்கு மேல் குரல் கிழிவது இதனால்தான்.

உங்கள் பட்ஜெட்டுக்கு ஒரே ஒரு 4 சேனல் கிளாஸ் டி (மின்சாரம் அதிகம் வீணாகாத வகை) ஆம்ப், சேனலுக்கு 4 ஓமில் 75 வாட் ஆர்.எம்.எஸ்., ஹை லெவல் இன்புட் (ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் வயரையே நேராக ஏற்பது) உள்ளதாக. 1, 2 சேனல்கள் முன்கதவு காம்பொனன்ட்டுக்கு. 3, 4 சேனல்களைப் பிரிட்ஜ் செய்து (இரண்டையும் ஒன்றாக்கி) ஒரு 10 இன்ச் சப்வூஃபருக்கு. பின்கதவு ஸ்பீக்கர்கள் ஸ்டீரியோவிலேயே சின்னச் சத்தத்தில் ஓடட்டும்.

சப் வாங்கும்போது ஓம் பார்த்து வாங்குங்கள். பிரிட்ஜில் பெரும்பாலான 4 சேனல் ஆம்ப்கள் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. ஒற்றைக் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) 4 ஓம், அல்லது இரட்டைக் காயில் தலா 2 ஓம் எடுத்து சீரிஸில் இணைத்தால் 4 ஓம். தலா 4 ஓம் இரட்டைக் காயிலைப் பேரலலில் போட்டால் 2 ஓம் ஆகி ஆம்ப் புரொட்டக்ஷனுக்குப் போய்த் தானே நின்றுவிடும். 12 இன்ச் பெட்டி வேண்டாம். உங்கள் டிக்கியே 268 லிட்டர்தான். 10 இன்ச்சுக்கு 20 லிட்டர் அளவு மூடிய பெட்டி பொதுவாகப் போதும், தொப்பி, தவில் எல்லாம் இழுபடாமல் கச்சிதமாக நிற்கும்.

பவர் கணக்கு: முன்னே 150 வாட், சப்புக்கு 200 வாட் என்று வைத்தால் 350. கிளாஸ் டி 80 சதவீதத் திறன் என்றால் 350 ÷ 0.8 ÷ 13.8 = 32 ஆம்பியர். 8 கேஜ் தூய செம்பு வயர், 40 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அது ஆம்பைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. வழியில் எங்காவது வயர் உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் தடுப்பது அது ஒன்றுதான்.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ ரிச்சி தெருவிலோ வயர் வாங்கினால் கடையிலேயே ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். அதுதான் கிடைக்கிறது என்றால் இன்னும் தடித்த 4 கேஜுக்குப் போங்கள்.

இன்ஜின் பக்கமிருந்து உள்ளே வரத் தகட்டில் புதுத் துளை போடாமல், இருக்கிற ரப்பர் குரோமெட்டில் கீறி, நெளிகுழாய் மாட்டி வயரை இழுங்கள்.

எர்த் வயர் பவர் வயரின் அதே தடிமன், அரை மீட்டருக்குள். பாடித் தகட்டில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளித் தகடு தெரிந்தபின் ரிங் லக், ஸ்டார் வாஷர், போல்ட். மேலே பெயின்ட் தடவிவிடுங்கள், துருப்பிடிக்காது. சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அது உயிர் காக்கும் போல்ட்.

பெரம்பூர்வாசி

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். கம்பெனி வயரை வெட்டாமல் ஸ்டீரியோவிலிருந்து சிக்னல் எப்படி எடுப்பது? கதவுக்குப் புது வயர் இழுக்க வேண்டுமா? கதவுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய் வழியே இழுப்பது பெரிய பாடு என்கிறார்கள்.

மின்கம்பி

வெட்டத் தேவையில்லை. ஸ்டீரியோவுக்குப் பின்னால் மாட்டும் ஆண், பெண் கப்ளர் ஜோடி உங்கள் மாடலுக்கென்றே கிடைக்கும். நடுவில் அதை வைத்து, முன் ஸ்பீக்கர் நான்கு வயரை மட்டும் பிரித்து ஆம்புக்கு அனுப்பி, ஆம்பின் வெளியீட்டை அதே கப்ளர் வழியாகக் கதவு வயருக்கே திருப்பி அனுப்புங்கள்.

ஓர் எச்சரிக்கை: ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் நெகட்டிவ் எர்த் அல்ல. இரண்டு நெகட்டிவையும் ஒன்றாக முறுக்கினாலோ பாடியில் தொட்டாலோ ஐ.சி. போய்விடும்.

கதவுக்குப் புது வயர் தேவையில்லை. கம்பெனி வயர் 0.5 சதுர மி.மீ. என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டர் போக, 2 மீட்டர் வர, மொத்தம் 0.14 ஓம். 4 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு 0.3 டெசிபல், காதுக்குத் தெரியாது. கடையில் "தடி வயர் போட்டால்தான் பேஸ் வரும்" என்பார்கள், கேட்டுக்கொள்ள வேண்டாம்.

வயர் இணைப்புகளில் பி.வி.சி. டேப் சுற்றாதீர்கள். ஒரே கோடையில் பசை இளகிப் பிரிந்துவிடும். சாலிடர், ஹீட் ஷ்ரிங்க், மேலே துணி டேப். துணி டேப் சுற்றினால் டேஷ்போர்டுக்குள் வயர் தட்டிச் சத்தமும் போடாது.

கதவுதான்பெட்டி

போலாரிட்டி (பிளஸ், மைனஸ் சரியா என்று) பார்க்க: 1.5 வோல்ட் பேட்டரியைக் கதவு ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொடுங்கள். பேட்டரி பிளஸ்ஸைத் தொட்ட முனை பிளஸ் என்றால் கோன் வெளியே துள்ளும். இரண்டு கதவிலும் ஒரே மாதிரி துள்ள வேண்டும். ஒன்று உள்ளே போனால் நீங்கள் போட்ட பியூட்டைல் எல்லாம் வீண், பேஸ் மறுபடி காணாமல் போகும். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

ஓசைஅளவு

ஆம்பின் கெயின் திருகு (உள்ளே வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்துவது) பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சேர்க்கிறேன். கெயின் வால்யூம் அல்ல. அதைக் கடைசிவரை திருகியதால் எரிந்த ட்வீட்டர்கள்தான் அதிகம்.

ஸ்பீக்கர் வயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். பேஸ், ட்ரெபிள் நடுவில், பேஸ் பூஸ்ட் பூஜ்யத்தில். இன்ஜின் ஓட வேண்டும், அதனால் திறந்த வெளியில் செய்யுங்கள். ஸ்டீரியோ வால்யூம் முக்கால். 0 டெசிபல் (முழு அளவு) டோன் கோப்பை ஓடவிட்டு, ஆம்ப் வெளியீட்டை ஏ.சி. வோல்ட்டில் அளந்துகொண்டே கெயினை மெதுவாகக் கூட்டுங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிறுத்த வேண்டிய வோல்ட். முன் சேனலில் 75 x 4 = 300, அதாவது 17.3 வோல்ட். பிரிட்ஜில் 200 x 4 = 800, அதாவது 28.3 வோல்ட்.

எல்லோரும் 1000 ஹெர்ட்ஸ் டோன் என்பார்கள். மலிவு மல்ட்டிமீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸ் சுற்றுவரைதான் சரியாகக் காட்டும். அதனால் முன்னுக்கு 300 ஹெர்ட்ஸ், சப்புக்கு 50 ஹெர்ட்ஸ் வைத்து அளவிடுங்கள். அளக்கும்போது மட்டும் சப்பின் லோ பாஸை (கீழ்ஸ்தாயியை மட்டும் விடும் ஃபில்டர்) முழுக்கத் திறந்து வையுங்கள். முடிந்ததும் லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ், முன் ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் (மேல்ஸ்தாயியை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ். பிறகு சப்பின் கெயினை, டிக்கியிலிருந்து சத்தம் வருவதாகத் தோன்றாத அளவுக்கு, காதால் கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மின்கம்பி

ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது "ஊஊ" என்று கூடவே ஏறும் இரைச்சல் வந்தால் ஃபில்டர் வாங்க ஓடாதீர்கள். முதலில் எர்த்தைப் பாருங்கள்: பாட்டு ஓடும்போது ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே டி.சி. வோல்ட் அளந்தால் 0.1க்குள் இருக்க வேண்டும். அதிகமென்றால் மறுபடி சுரண்டி இறுக்குங்கள். எர்த் சரியாக இருந்தும் இரைந்தால் சிக்னல் வயர் பவர் வயரோடு ஒரே பக்கமாக ஓடுகிறதா பாருங்கள். ஒன்றை ஓட்டுநர் பக்கக் கதவுப்படி ஓரமாகவும் மற்றதை எதிர்ப்பக்கமாகவும் கொண்டு போக வேண்டும்.

பெரம்பூர்வாசி

நன்றி அண்ணா, ஓசைஅளவு சாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஒரு கதவைத் திறந்து தொடங்குகிறேன். பியூட்டைல், கிளிப், தகடு முதலில் வாங்குகிறேன். ஆம்ப் அடுத்த மாதம்.