மறு: பீச்ல மெட்டல் டிடெக்டர் வச்சு தொலைஞ்ச நகையைத் தேடி எடுக்கிறதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

> "புதையல் வேட்டை"னே வச்சிடலாமே, ஏற்கனவே பழக்கத்துல இருக்கிற சொல்லு

அண்ணா, இதுல மட்டும் என்னால ஒத்துப்போக முடியல. நான் அடிலெய்டுல இருக்கேன், நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை விடியக்காலம் கிளெனெல்க் பீச்ல டிடெக்டரைத் தூக்கிட்டு நடக்கிறவன், அதனால இந்தச் சொல்லு சரியா அமையணும்னு எனக்கு ரொம்ப ஆசை. புதையல்னு சொன்ன உடனே யாருக்கும் சொந்தமில்லாத பொருள், கண்டவன் எடுத்துக்கலாம்ங்கிற நெனப்பு வந்துடுது. (சட்டப்படி அதுகூட அப்படி இல்ல, இந்தியாவுல 1878ல போட்ட புதையல் சட்டத்துல பத்து ரூபாய்க்கு மேல பெறுமானம் உள்ள புதையல் கெடைச்சா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும்னு இருக்கு.) நாங்க தேடுறது நேத்து சாயங்காலம் ஒருத்தர் விரல்ல இருந்து நழுவின மோதிரம். குளிர்ந்த தண்ணில விரல் சுருங்கும், சன்ஸ்கிரீன் வேற தடவியிருப்பாங்க, ஒரு அலை அடிச்சா போச்சு. அந்த ஆளு பக்கத்துலயே கலங்கிப்போய் நிக்கிறப்ப இதுக்குப் பேரு புதையல்னு எப்படிச் சொல்றது?

> அப்ப "நகை மீட்பு"?

நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம ஊர்ல நகையை மீட்டாச்சானு கேட்டா அடகுக் கடை ரசீதுதான் ஞாபகம் வரும், பீச் வராது.

> கருவிக்கு "உலோக உணரி"

உணரிங்கிறது சென்சாருக்குன்னு நிலைச்சுப்போச்சு, அதை அங்கயே விட்டுடலாம். நான் "உலோகங்காட்டி"னு முன்வைக்கிறேன், திசைகாட்டி மாதிரி. காரணம் இந்தக் கருவி வேலை செய்யிற விதம்தான். கீழ இருக்கிற வட்டமான சுருள்ல மாறிக்கிட்டே இருக்கிற காந்தப்புலம் உண்டாகுது, அது மண்ணுக்குள்ள இருக்கிற உலோகத்துல பட்டா அங்க சுழல் மின்னோட்டம் ஓடும், அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும், அதைக் கருவி சத்தமாவும் ஒரு எண்ணாவும் நமக்குக் காட்டும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். தங்க மோதிரத்துக்கு வர்ற எண்ணும் கூல்டிரிங்க்ஸ் டின் மேல இழுத்துப் பிய்க்கிற அந்த அலுமினிய வளையத்துக்கு வர்ற எண்ணும் பக்கத்துல பக்கத்துலயே விழும், தோண்டிப் பாக்காம சொல்லவே முடியாது. குப்பைனு நெனச்சு விட்டுட்டுப் போனா மோதிரத்தையும் சேத்து விட்டுட்டுப் போறோம்னு அர்த்தம். கருவி காட்டும், கண்டுபிடிக்கிறது ஆளு.

இதுக்கு ஒரு பழைய உதாரணமும் இருக்கு. 1881ல அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை சுட்டப்ப உடம்புக்குள்ள இருந்த குண்டைத் தேட டெலிபோன் கிரகாம் பெல் இப்படி ஒரு கருவியைச் செஞ்சு கொண்டுபோனார். கட்டில் மெத்தைல இருந்த எஃகுக் கம்பி குழப்பிடுச்சு, அதுக்கு மேல டாக்டர் வலது பக்கம் மட்டும்தான் தேட விட்டார், குண்டு கெடந்ததோ இடது பக்கம். கருவி மேல தப்பு இல்ல, தேடின இடம் தப்பு.

தேடுற செயலுக்கு என் மனசுல இருக்கிறது "துழாவல்". கரண்டு போனா தீப்பெட்டிக்குக் கையால துழாவுறோம் இல்லையா, பாத்திரத்துல கரண்டியைப் போட்டும் துழாவுறோம். சுருளை இடமும் வலமும் மண்ணை ஒட்டி ஆட்டிக்கிட்டு, போன தடவை போட்ட கோட்டை பாதி மறைக்கிற மாதிரி அடுத்த கோடு போட்டு நடக்கிறதுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லு எனக்குத் தோணல. பொழுதுபோக்குக்குத் தேடினா "உலோகத் துழாவல்", ஒருத்தர் தொலைச்சதைத் தேடிக் குடுத்தா "துழாவுமீட்பு". தேடுபொறி மாதிரி வினைத்தொகைதான்.

போன பிப்ரவரில இங்க ஒரு தமிழ்க் குடும்பத்துல அந்த அக்கா முழங்கால் தண்ணில குழந்தையைத் தூக்கினப்ப தாலிக்கொடி அறுந்து விழுந்துடுச்சு. சங்கிலிதான் டிடெக்டருக்கு ரொம்பக் கஷ்டமான பொருள், முழு வளையமா இருக்கிற மோதிரத்துல மின்னோட்டம் நல்லா சுத்தி வரும், சங்கிலில ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியா இருக்கிறதால அஞ்சு பவுன் சங்கிலியும் ஒரு சின்னக் கண்ணி அளவுக்குத்தான் முனகும். உப்புத்தண்ணி ஊறின மணலும் கரண்டைக் கடத்தும், அதனால ஒரே அதிர்வெண்ல ஓடுற சாதாரண கருவி ஈரமண்ணுல கத்திக்கிட்டே இருக்கும், பல அதிர்வெண்ல ஓடுறதோ துடிப்பு முறைல (விட்டு விட்டு மின்துடிப்பு அனுப்பி) ஓடுறதோ வேணும். ரெண்டாவது நாள் தண்ணி வத்துற நேரத்துல மூணு மணி நேரம் துழாவினோம், கடைசில குரல் குடுத்தது கொடி இல்ல, அதுல கோத்திருந்த தாலி. கெட்டியான தகடுங்கிறதால அதுக்கு மட்டும் சுத்தமான சத்தம் வந்துச்சு. அந்த அக்கா வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டதைப் பாத்ததுல இருந்துதான் இதுக்கு ஒரு தமிழ்ச் சொல்லு வேணும்னு இந்தக் குழுவுல கேட்டுக்கிட்டு இருக்கேன்.

- - - - -

தம்பி, வணக்கம்.

உங்க மடலைப் படிச்சேன். துழாவல் நல்லாருக்கு, ஆனா எங்க திருச்செந்தூர்ப் பக்கத்துல இந்த வேலைக்கு ஏற்கனவே சொல்லு இருக்கே, அதைக் கேக்காம புதுசா உருவாக்கலாமா? கோயிலுக்கு வர்றவங்க கடல்ல குளிச்சுட்டுத்தான் நாழிக்கிணறுக்குப் போவாங்க, கூட்டத்துல சங்கிலி, மோதிரம், வளையல் எல்லாம் அலையில போறது உண்டு. அதைத் தேடி எடுத்துக் குடுக்கிறவங்க அங்க சிப்பி அரிக்கிற தொழிலாளிங்க. கருவி கிருவி ஒண்ணும் கெடையாது. சிப்பி அரிக்கிற கையாலயே மண்ணை அள்ளி அலசி நகையை எடுத்து உரியவங்க கையில குடுக்கிறாங்க, பேப்பர்லயே எத்தனையோ தடவை வந்திருக்கு. அரிசியில கல்லு அரிக்கிறோமே அதே அரித்தல்தான். நகைப்பட்டறை வாசல் மண்ணுல பொன்துகள் எடுக்கிறதுக்கும் இதுதான் சொல்லு. அவங்க வாய்ல புழங்குற சொல்லு நம்ம குழுவோட சொல்பட்டியல்ல இல்லேன்னா அது குறைதான்.

- - - - -

அக்கா, ரொம்ப நன்றி, இது எனக்குத் தோணவே இல்ல, முதல்லயே ஊர்க்காரங்ககிட்ட கேட்டிருக்கணும்.

ஒரே ஒரு சிக்கல், மண்ணரிப்பு, கடலரிப்புனு சொன்னா கரை கரையிறதுங்கிற அர்த்தம் இறுகிப்போச்சு. "பீச்ல அரிப்பு"னு தலைப்பு போட்டா சுற்றுச்சூழல் கட்டுரைனு நெனப்பாங்க. அதனால "எடு" சேத்து "அரித்தெடுப்பு"னு வச்சுக்கலாமா? வேலையோட வரிசையும் அதுல சரியா உக்காருது. முதல்ல துழாவுறோம், உலோகங்காட்டி குறி காட்டுது, தோண்டுறோம், அள்ளின மணலை அரித்து எடுக்கிறோம். ஆக முழு வேலைக்கும் துழாவுமீட்பு, கடைசிக் கட்டத்துக்கு அரித்தெடுப்பு. கருவியே இல்லாம உங்க ஊர்க்காரங்க செய்யிற முழு வேலைக்கும் அரித்தெடுப்புதான் பேரு, அதை மாத்த வேண்டாம்.

இதுலயே இன்னொரு சொல்லும் கெடைச்சுடுச்சு. நாங்க நீளக் கைப்பிடி போட்ட ஓட்டை வாளி மாதிரி ஒண்ணை வச்சுத்தான் தண்ணிக்குள்ள இருந்து மணலை அள்ளுவோம், மணல் ஓட்டை வழியா போய்டும், மோதிரம் நின்னுடும். இங்க எல்லாரும் ஸ்கூப்னு சொல்றாங்க. வடை எடுக்கிற அரிகரண்டியும் இதே வேலையைத்தான் செய்யுது, அதனால "மணல் அரிகரண்டி"னு எழுதி வச்சிருக்கேன். ஆனா சிப்பி அரிக்கிறவங்க தங்களோட சாமானுக்குச் சொந்தமா ஒரு பேர் வச்சிருந்தா அதுதான் முதல்ல வரணும். அடுத்த தடவை கோயிலுக்குப் போறப்ப அவங்ககிட்ட கேட்டு எழுதுறீங்களாக்கா? அதுவரைக்கும் பட்டியல்ல அந்த வரியை முடிவு பண்ணாம விட்டு வைக்கிறேன்.